நட்டம் யாருக்கு?

(குத்துக்கல்வலசையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘ஆள் பார்த்து வேலை கொடுப்பதால் முதலாளிக்கு வருவது லாபமே! நட்டமே!’ – ‘நட்டமே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து, பேசி முடித்த களைப்பிலே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற அண்ணாச்சி அவர்களே! அன்புத் தங்கை அவர்களே! சாரல் விழுந்தாலும் பரவாயில்லை, தலையிலே துண்டைப் போட்டுக்கொண்டாவது தமிழ் கேட்போம் என்று உட்கார்ந்திருக்கிற குத்துக்கல்வலசைப் பெரியோர்களே! தாய்மார்களே!

நடுவர் அவர்களே, இந்த ஊரின் பெயரே எனக்குப் பாதிப் பேச்சை எடுத்துக் கொடுத்துவிட்டது. ‘வலசை’ என்றால் என்ன? ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் பிழைப்பைத் தேடிப் போவது. ‘குத்துக்கல்’ என்றால்? நட்டு வைத்த கல். நம்ம வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, ‘நான் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் நிக்கேன், உங்க கண்ணுக்குத் தெரியலையா?’ என்று. (சிரிப்பு) இந்தப் பட்டிமன்றத் தலைப்பே அதுதான்! திறமையுள்ள பிள்ளை முதலாளி முன்னாலே குத்துக்கல்லாட்டம் நிற்கிறான். முதலாளி கண்ணுக்கு அவன் தெரியவில்லை. அவன் சாதி தெரிகிறது, மதம் தெரிகிறது. பெண்ணாக இருந்தால் கழுத்திலே தாலி இருக்கா இல்லையா என்பது தெரிகிறது. திறமை மட்டும் தெரியவில்லை. அதனாலே அந்தப் பிள்ளை என்ன செய்கிறான்? வலசை போய்விடுகிறான். குத்துக்கல், வலசை... சரியாப் போச்சா? (கைதட்டல்)

எதிரணி அண்ணாச்சி பேங்கிலே பெரிய பதவியிலே இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கிலே புலி. அவர் என்ன சொன்னார்? ‘தெரிஞ்ச ஆளு, நம்ம ஆளுன்னா கல்லாப்பெட்டியைத் திறந்து வச்சுட்டு முதலாளி குற்றாலத்துக்குக் குளிக்கப் போகலாம். நம்பிக்கைதான் லாபம்’ என்றார். அண்ணாச்சி, கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் லாபம் உங்களுக்கு இல்லை, நம்ம ஆளுக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிப்பு இருக்கட்டும். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. தமிழ் படித்தவள். ஆனால் எங்க அம்மா கடைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

சந்தையிலே கத்தரிக்காய் வாங்கப் போகிறோம். ஒரு கடையிலே கிலோ 40 ரூபாய். பக்கத்துக் கடையிலே அதே காய் 50 ரூபாய். ஆனால் அந்த 50 ரூபாய்க் கடைக்காரர் நமக்குச் சொந்தம். ‘வேற ஆள்கிட்ட வாங்க மாட்டேன், எங்க ஆளுகிட்டதான் வாங்குவேன்’ என்று 50 ரூபாய் கொடுத்து வாங்கி வருகிறோம். அந்தப் பத்து ரூபாய் கத்தரிக்காய்க்கா? இல்லை. நம்ம விருப்பு வெறுப்புக்கு நாம் கட்டுகிற வரி! கத்தரிக்காய் அதே கத்தரிக்காய்தான். குழம்பும் அதே குழம்புதான். வீட்டுக்காரர் சொல்கிற குறையும் அதே குறைதான். (சிரிப்பு) பத்து ரூபாய் மட்டும் போய்விட்டது.

இதை நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலே கேரி பெக்கர் என்று ஒரு பொருளாதார அறிஞர், 1957இலே ஒரு புத்தகமே எழுதிச் சொன்னார். வெள்ளைக்கார முதலாளி ஒருத்தன், கறுப்பரை வேலைக்கு வைக்க மாட்டேன் என்கிறான். அவருக்குத் திறமை இருக்கிறது, கூலியும் குறைவாகக் கேட்கிறார். ஆனாலும் இவன் கூடுதல் சம்பளம் கொடுத்து வெள்ளைக்காரரையே வைக்கிறான். அந்தக் கூடுதல் சம்பளம் எங்கேயிருந்து வருகிறது? அவன் லாபத்திலேயிருந்து. வெறுப்பு வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கிக்கொள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1992இலே அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எங்க அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. (சிரிப்பு)

‘அதெல்லாம் அமெரிக்காக் கதை, நம்ம ஊரிலே யாரும்மா இப்ப அப்படிப் பார்க்கிறாங்க?’ என்று தங்கை கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

சுகதேவ் தோரட் என்று நம்ம நாட்டுப் பேராசிரியர். அவரும் பால் அட்டிவெல் என்ற அமெரிக்க அறிஞரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். 2007இலே முடிவு வெளியானது. பத்திரிகையிலே தனியார் கம்பெனிகள் ‘ஆட்கள் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கிறார்கள் அல்லவா? அதற்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரித் தகுதி. பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதி என்று தெரிகிற ஒரு பெயர், தலித் என்று தெரிகிற ஒரு பெயர், முஸ்லிம் என்று தெரிகிற ஒரு பெயர். அவ்வளவுதான். என்ன ஆனது? நேர்முகத்துக்குக் கூப்பிடுகிற வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததிலே, தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு! முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தே காகிதம் குப்பைக் கூடைக்குப் போயிருக்கிறது.

அது வடக்கே என்பீர்கள். நம்ம சென்னையிலேயே சாரா சித்திக் என்ற ஆய்வாளர் இதே மாதிரி செய்து பார்த்தார். 2011இலே அந்தக் கட்டுரை வந்தது. உயர்சாதிப் பெயர் உள்ளவர் ஒரு அழைப்பு வாங்கச் சராசரியாக 6.2 விண்ணப்பம் போட்டால் போதும். மற்றவர் 7.4 விண்ணப்பம் போட வேண்டும். ‘ஒண்ணே கால் விண்ணப்பம்தானே கூட?’ என்று நினைக்காதீர்கள். நூறு வேலைக்கு அலைகிறவன் ஒருத்தன், நூற்று இருபது வேலைக்கு அலைகிறவன் ஒருத்தன். அந்த இருபது அலைச்சலுக்கும் பஸ் காசு யார் கொடுப்பது?

‘சரி, அது அந்தப் பிள்ளைக்கு நட்டம். முதலாளிக்கு என்ன நட்டம்?’ – அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி.

நடுவர் அவர்களே, ஒரு கிரிக்கெட் கதை சொல்கிறேன். பல்வங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்திலே பிறந்தவர். பூனாவிலே வெள்ளைக்காரர் கிளப்பிலே மைதானம் பராமரிக்கிற வேலை. அங்கே வலையிலே பந்து போட்டுப் போட்டே பெரிய வித்தைக்காரர் ஆகிவிட்டார். இந்துக்கள் அணிக்கு இவரைச் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம். கடைசியிலே ஜெயிக்க வேண்டுமே என்று சேர்த்தார்கள். மைதானத்திலே அவர் போட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையிலே அவரை வெளியிலே நிற்க வைத்து மண் குவளையிலே கொடுத்தார்கள். பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்குத் தீட்டு! 1906இலே பம்பாயிலே ஐரோப்பியர் அணியை இந்துக்கள் அணி 109 ரன்னிலே தோற்கடித்தது. பாலு முக்கியமான விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1911இலே இந்திய அணி இங்கிலாந்து போனபோது அவர் ஒருத்தரே நூறு விக்கெட்டுக்கு மேலே எடுத்தார். அவரைச் சேர்க்க மாட்டோம் என்று முடிவெடுத்திருந்தால் நட்டம் பாலுவுக்கு மட்டுமா? அணிக்கும்தானே! ஆனால் இவ்வளவு செய்தும் அந்த அணிக்குத் தலைவராக அவரை ஆக்கவே இல்லை. அந்த நட்டத்தை எந்த ஸ்கோர் போர்டிலே எழுதுவது? (கைதட்டல்)

இன்னொன்று. 1974. பெங்களூரிலே இந்திய அறிவியல் கழகத்திலே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அறிவிப்புப் பலகையிலே ஒரு வேலை விளம்பரம் பார்க்கிறார். டெல்கோ கம்பெனி. கடைசி வரி, ‘பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.’ நாமாக இருந்தால் என்ன செய்வோம்? முணுமுணுத்துக்கொண்டே மெஸ்ஸுக்குப் போவோம். அந்தப் பெண் ஒரு தபால் கார்டு வாங்கி, ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே எழுதிப் போட்டுவிட்டார். கார்டு போன வேகத்திலே தந்தி வந்தது, நேர்முகத்துக்கு வா என்று. வேலையும் கிடைத்தது. அவர்தான் சுதா மூர்த்தி. 1981இலே அவர் கணவரும் நண்பர்களும் இன்ஃபோசிஸ் தொடங்கியபோது அவர் சேமித்து வைத்திருந்த 10,000 ரூபாய்தான் முதல். ஒரு தபால் கார்டு விலை அன்றைக்குச் சில பைசா. அதை எழுதாமல், மனசுக்குள்ளேயே அழுதுவிட்டுத் திரும்பிப் போன பெண்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்த முதலாளியின் பேரேட்டிலேயும் இல்லை. வராத லாபம் கண்ணுக்குத் தெரியாது, நடுவர் அவர்களே. அதனாலேதான் அதை நட்டம் என்று யாரும் எழுதுவதில்லை!

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். தங்கை சொன்னார்கள்: ‘பெண்ணுக்குக் குறைச்ச கூலி கொடுக்கிறாங்க. பீடிக் கடையிலே, வயக்காட்டிலே, மில்லிலே அப்படித்தான். அது முதலாளிக்கு லாபம்தானே?’ உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஊரிலே ஒரே ஒரு முதலாளி இருந்தால், அல்லது இருக்கிற பத்து முதலாளியும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டால், அது லாபம்தான். போக வேறு இடம் இல்லாதவரிடம் யாரும் பேரம் பேச முடியும். ஆனால் அந்தப் பத்து பேரில் ஒருத்தருக்குப் புத்தி வந்துவிட்டால்? ‘இந்தப் பெண்ணுக்கு நாலு பேர் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் எனக்கு லாபம்தான்’ என்று ஒருத்தர் கதவைத் திறந்துவிட்டால்? மற்ற ஒன்பது பேர் கதி என்ன?

அந்த ஒருத்தர் இங்கேயே இருக்கிறார்! மத்தளம்பாறை உங்களுக்கு வெளிநாடா? இங்கே பஸ் ஏறினால் டீ ஆறுவதற்குள்ளே போய்விடலாம். ஜோஹோ நிறுவனம் அங்கே இருக்கிறது. 2011இலே தென்காசிப் பக்கம் சிறிய அளவிலே தொடங்கினார்கள். மற்ற மென்பொருள் கம்பெனிகள் எல்லாம், ‘எந்தக் கல்லூரி? எத்தனை சதவீதம்? இங்கிலீஷ் எப்படி?’ என்று சல்லடை போட்டுக்கொண்டிருந்த காலத்திலே, ஸ்ரீதர் வேம்பு என்ன செய்தார்? பட்டமே வேண்டாம் என்றார். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துத் தாங்களே சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாணவர்களோடு ஆரம்பித்த பள்ளி அது. கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது அவர்கள் அனுபவம். சரி, நட்டப்பட்டுப் போனார்களா? 2022இலே அவர்களே அறிவித்தார்கள், ஆண்டு வருமானம் நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்று! ரூபாய் இல்லை அண்ணாச்சி, டாலர்! (கைதட்டல்) மற்றவர்கள் ‘கிராமத்துப் பையன், இங்கிலீஷ் வராது’ என்று தள்ளிய கத்தரிக்காயைத்தான் அவர்கள் வாங்கினார்கள். குழம்பு ருசியாகத்தான் இருக்கிறது.

நம்ம தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுக்கத் தொழிற்சாலையிலே வேலை செய்கிற பெண்களிலே பத்துக்கு நாலு பேர் நம்ம மாநிலத்திலேதான். அதனாலே இங்கே தொழில் கெட்டதா, வளர்ந்ததா? வளர்ந்தது. ஆனால் இங்கேயும் கறை இல்லாமல் இல்லை. 2024 ஜூன் மாதம் ஒரு செய்தி வந்தது. ஸ்ரீபெரும்புதூரிலே ஐபோன் பூட்டுகிற பாக்ஸ்கான் ஆலையிலே கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினார்கள் என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் எழுதியது. மத்தியத் தொழிலாளர் துறை மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அப்படியெல்லாம் இல்லை, புதிதாக எடுத்தவர்களிலே நாலில் ஒருத்தர் கல்யாணமான பெண்தான் என்று நிறுவனத் தரப்பிலே விளக்கம் சொன்னார்கள். அந்த வருஷம் முடிவதற்குள்ளே, ஆள் எடுக்கும் விளம்பரத்திலே வயது, கல்யாணம் பற்றியெல்லாம் போடாதீர்கள் என்று ஏஜெண்டுகளுக்குச் சொல்லிவிட்டதாகவும் செய்தி வந்தது. வேலைக்கு எடுக்கும்போது பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. கழுத்திலே தாலி ஏறினால் கையிலே இருக்கிற வேலைத்திறமை இறங்கிப் போகுமா? குடும்பம் நடத்துகிற பெண்ணுக்குத் தெரியாத நிர்வாகமா? மாமியாரையே சமாளிக்கிறவள் மேனேஜரைச் சமாளிக்க மாட்டாளா? (நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

‘இவ்வளவு நட்டம் என்றால், ஆள் பார்க்கிற முதலாளி எல்லாரும் இந்நேரம் கடையைப் பூட்டியிருக்க வேண்டுமே?’ – இதுவும் எதிரணி கேள்வி. கென்னத் ஆரோ என்ற இன்னொரு நோபல் அறிஞரே பெக்கரைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. பதில் சொல்கிறேன். நியூயார்க்கிலே தேவா பேஜர் என்ற பேராசிரியை 2004இலே ஒரு சோதனை நடத்தினார். நிஜமான இளைஞர்களையே வேலை கேட்டு அனுப்பி, எந்த முதலாளி ஆள் பார்க்கிறார், யார் பார்க்கவில்லை என்று குறித்து வைத்தார். ஆறு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தார். ஆள் பார்க்காத முதலாளிகளிலே நூற்றுக்கு 17 பேர் கடையை மூடியிருந்தார்கள். ஆள் பார்த்தவர்களிலே நூற்றுக்கு 36 பேர்! இரண்டு மடங்கு. ஆள் பார்த்ததாலேதான் மூடினார்கள் என்று அந்த அம்மா அடித்துச் சொல்லவில்லை. அறிஞர் அல்லவா, அளந்துதான் பேசுவார். பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரியா? (சிரிப்பு) ஆனால் ஆள் எடுப்பதிலே கண்ணை மூடிக்கொள்கிறவர், மற்ற முடிவுகளிலேயும் கண்ணை மூடிக்கொண்டுதானே எடுப்பார்?

அண்ணாச்சி வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். நல்ல குடியிலே பிறந்தவனைத் தேர்ந்தெடு என்று ஒரு குறள் இருக்கிறதே என்றார். இருக்கிறது, மறுக்கவில்லை. ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்திலே இருக்கிறது. ஆனால் அந்தக் குறளும் பிறப்போடு நிற்கவில்லை, குற்றமில்லாமை வேண்டும், பழிக்கு அஞ்சுகிற நாணம் வேண்டும் என்று போகிறது. அதே அதிகாரத்திலே கொஞ்சம் கீழே வாருங்கள். ஒருத்தன் பெரியவனா சிறியவனா என்று உரசிப் பார்க்கிற கல், அவன் செய்கிற செயல்தான் என்கிறார். அடுத்த அதிகாரத்துக்குப் போங்கள். வேலையை அறிந்து, தாங்கிச் செய்யக்கூடியவனிடம்தான் கொடுக்க வேண்டும், நமக்கு வேண்டியவன் என்பதற்காகக் கொடுக்காதே என்கிறார். ‘நம்ம ஆளு’க்கு வள்ளுவர் அன்றைக்கே ‘வேலை காலி இல்லை’ என்று போர்டு மாட்டிவிட்டார்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதுவரைக்கும் மற்றவர் கதை சொன்னேன். இது என் கதை.

நான் எம்.ஃபில். முடித்த புதிதிலே ஒரு கல்லூரிக்கு நேர்முகத்துக்குப் போனேன். எங்க அம்மா காதிலே கிடந்ததை அடகு வைத்துத்தான் பஸ்ஸுக்கும் புடவைக்கும் பணம் கொடுத்தார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொல்காப்பியத்திலே ஒரு கேள்வி கேட்பார்கள், சிலப்பதிகாரத்திலே ஒரு கேள்வி கேட்பார்கள் என்று ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டு போனேன். நடுவிலே இருந்தவர் கேட்டார், ‘எந்த ஊரும்மா?’ சொன்னேன். ‘ஊரிலே எந்தத் தெரு?’ சொன்னேன். அவ்வளவுதான். ‘சரி, போயிட்டு வாம்மா.’ தொல்காப்பியம் என் மடியிலேயே இருந்தது. அந்தத் தெருவுக்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சபையிலே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து அம்மாவிடம், ‘கேள்வியெல்லாம் கஷ்டமா கேட்டாங்கம்மா’ என்று பொய் சொன்னேன்.

இதை நான் பல மேடையிலே சொல்லியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் இதன் மறுபாதியை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

பல வருஷம் கழித்து, நானே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். தற்காலிக விரிவுரையாளர் பணிக்குத் தேர்வு. ஒரு பெண் வந்தாள். மாதிரி வகுப்பு எடுத்தாள். அப்படி ஒரு வகுப்பை நான் கேட்டதில்லை. வெளியே வராண்டாவிலே அவள் அம்மா ஒரு கைக்குழந்தையை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? ‘குழந்தை சின்னதா இருக்கே, அடிக்கடி லீவு போட மாட்டியாம்மா?’ அவள், ‘எங்க அம்மா பாத்துக்குவாங்க மேடம்’ என்றாள். என் மனசு கேட்கவில்லை. பக்கத்திலே இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அவளை விட்டுவிட்டு ஒரு பையனை எடுத்தோம். அவனுக்குப் பிள்ளை இல்லை, குட்டி இல்லை, பிரச்சினை இல்லை. பருவத்தின் பாதியிலே அவனுக்கு வேறு வேலை கிடைத்தது. போய்விட்டான். அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். தேர்ச்சி விழுந்தது. அடுத்த வருஷம் சேர்க்கையும் விழுந்தது. அவள் வேறொரு கல்லூரியிலே சேர்ந்துவிட்டாள். அங்கே தமிழ் வகுப்பு நிரம்பி வழிந்தது.

அண்ணாச்சி கேட்டாரே, முதலாளிக்கு என்ன நட்டம் என்று? இதுதான். கணக்கு எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது.

அதன் பிறகு விடைத்தாள் திருத்துகிற முகாமிலே அவளைப் பார்த்தேன். தானே வந்து, ‘மேடம், நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தாள். ‘பையன் எப்படி இருக்கான்?’ என்று கேட்டேன். ‘ஸ்கூல் போறான் மேடம்’ என்றாள். பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: ‘இப்ப நானும் தேர்வுக் குழுவிலே உக்காருதேன் மேடம். அன்னைக்கு நீங்க கேட்ட கேள்வியை மட்டும் நான் யார்கிட்டயும் கேக்கறதில்ல.’

நடுவர் அவர்களே, அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. என்னிடம் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டவரை இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியிலே உட்கார்ந்ததும் நானும் அதே கேள்வியை வேறு வார்த்தையிலே கேட்டிருக்கிறேன். ஆள் பார்க்கிறவர்கள் எல்லாம் கொடியவர்கள் இல்லை. நம்மைப் போலச் சாதாரண மனுசர்கள். ‘நாம நல்லதுதானே செய்யறோம்’ என்று நினைத்துக்கொண்டே செய்கிறவர்கள். அதனாலேதான் வியாபாரம் தானாகத் திருத்தும் என்று விட்டுவிட முடியாது. சட்டமும் வேண்டும். நம்ம மனசாட்சியும் வேண்டும்.

இங்கே கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமார் இருப்பீர்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். நாளைக்குக் காலையிலே ஒரு பிள்ளை வேலை கேட்டு உங்கள் கடை வாசலிலே வந்து நிற்பான். ஊர் கேட்காதீர்கள், தெரு கேட்காதீர்கள். ‘என்ன வேலை தெரியும்?’ என்று கேளுங்கள். ஒரு வாரம் செய்ய விட்டுப் பாருங்கள். கேட்காமல் விட்டால் அவன் வலசை போவான். போகும்போது உங்கள் லாபத்தையும் மூட்டையிலே கட்டிக்கொண்டுதான் போவான்.

ஆகவே நடுவர் அவர்களே, ஆள் பார்த்து வேலை கொடுப்பதால் வேலை கேட்டவனுக்கு நட்டம், ஊருக்கு நட்டம், எல்லாவற்றுக்கும் மேலே, லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற முதலாளிக்கே நட்டம்! நட்டமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)